ஓடிபியை யாரிடமும் சொல்லாதே என்கிறது வங்கி. நம் விவரத்தை யாரிடம் சொன்னது?

#1 சல்லடை

வாரம் தவறாமல் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வருகிறது. ஓடிபி சொல்லாதே, பின் நம்பர் சொல்லாதே, லிங்க்கைத் தொடாதே. சரி, சொல்லவில்லை. ஆனால் ஏமாற்றுக்காரன் போன் போடும்போதே பெயர், எந்த வங்கி, கார்டின் கடைசி நான்கு இலக்கம், சில நேரம் கிரெடிட் லிமிட் வரை கையில் வைத்துக்கொண்டு பேசுகிறான். இதெல்லாம் யார் கொடுத்தது?

என் கட்சி இதுதான்: நம் வங்கிகள் பணத்தைக் காக்கப் பழகியிருக்கின்றன, தகவலைக் காக்கப் பழகவில்லை. பணம் போனால் அவர்கள் புத்தகத்தில் நஷ்டம் விழும். தகவல் போனால் எங்கும் விழாது. மறுக்கிறவர்கள் பொத்தாம்பொதுவாக "பலத்த பாதுகாப்பு" என்று எழுத வேண்டாம். எந்தத் தகவல், எந்த இடத்தில், எப்படிப் பூட்டப்பட்டிருக்கிறது என்று எழுதுங்கள்.

#2 சாவிக்கொத்து

எழுதிவிடுவோம். முதலில் பின் நம்பர்.

ஏடிஎம்மில் நீங்கள் எண் அழுத்தும் அந்தச் சின்னப் பெட்டி வெறும் பொத்தான் பலகை இல்லை, அதற்குள்ளேயே தனியாக ஒரு மறையாக்கக் கருவி இருக்கிறது. அழுத்திய நான்கு இலக்கத்தைக் கார்டு எண்ணின் ஒரு பகுதியோடு கலந்து, 'பின் பிளாக்' என்னும் 16 குறி கொண்ட கோவையாக்கி, அங்கேயே பூட்டித்தான் வெளியே விடும். மெஷினுக்குள் ஓடும் விண்டோஸ் கணினிக்கே உங்கள் பின் தெரியாது. யாராவது பெட்டியைக் குடைந்து திறந்தால் உள்ளிருக்கும் மறையாக்கச் சாவியை அது அழித்துவிடும்.

அடுத்து வங்கியின் சுவிட்ச், அதாவது பரிவர்த்தனைகளை வழியனுப்பும் கணினி. அங்கே எச்எஸ்எம் என்றொரு பெட்டி. ஒரு சாவியில் பூட்டி வந்ததைத் திறப்பது, இன்னொரு சாவியில் பூட்டுவது, பின் சரியா என்று பார்ப்பது எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே முடிந்துவிடும். வெளியே வருவது 'ஆம்' அல்லது 'இல்லை' மட்டும். அதன் தலைச்சாவியை ஒரே ஆளிடம் கொடுப்பதில்லை. இரண்டு மூன்று பேர் ஆளுக்கொரு துண்டாக, தனித்தனி உறையில், தனித்தனிப் பெட்டகத்தில் வைத்திருப்பார்கள். எல்லாரும் கூடி நின்றால்தான் ஏற்ற முடியும். பின் மறந்துவிட்டது, பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டால் எந்த மேனேஜராலும் சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான். புதிதாகப் போடலாம், பழையதைப் பார்க்க வழியே கிடையாது.

யுபிஐ பின்னும் இப்படித்தான். எந்த ஆப்பாக இருந்தாலும், எண் அழுத்தும் அந்தத் திரை, யுபிஐயை நடத்தும் என்பிசிஐ கொடுத்த நிரல். ஆப் கம்பெனிக்கு எண் போகாது.

கடைசி நான்கு இலக்கத்துக்கு வருகிறேன். 2022 அக்டோபர் 1 முதல் கடைக்காரரோ பேமென்ட் கேட்வேயோ உங்கள் முழுக் கார்டு எண்ணைச் சேமிக்கக் கூடாது, டோக்கன் என்னும் மாற்றுக் குறியீடுதான். ஆனால் கணக்கு ஒத்துப்பார்க்கக் கடைசி நான்கு இலக்கத்தையும் வங்கியின் பெயரையும் வைத்துக்கொள்ள அதே விதியில் இடமிருக்கிறது. பெட்ரோல் பங்க் ரசீதிலும் அந்த நான்கு இலக்கம்தான் அச்சாகிறது. அழைக்கிறவன் அதைச் சொன்னான் என்பதற்காக அது வங்கியிலிருந்து கசிந்தது என்று ஆகிவிடாது.

#3 சல்லடை

> மேனேஜராலும் சொல்ல முடியாது

அருமையான விளக்கம். ஆனால் நீங்கள் விளக்கியது பணத்தின் பூட்டை. நான் கேட்டது தகவலின் பூட்டை. கடைசி நான்கு பெட்ரோல் பங்கிலிருந்து போயிருக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். கிரெடிட் லிமிட்டும் பெட்ரோல் பங்கிலிருந்தா போனது?

அந்தப் பூட்டுக்கும் ஒரு கதை உண்டு. 2016-ல் ஏறத்தாழ 32 லட்சம் டெபிட் கார்டுகள் ஆபத்தில் இருப்பதாக வங்கிகள் மாற்றிக் கொடுத்தன, சிலவற்றை முடக்கின. ஹிட்டாச்சி பேமென்ட் சர்வீசஸ் நடத்திய ஏடிஎம் அமைப்பில் தீநிரல் புகுந்தது மே கடைசியில். ஜூலை வரை உள்ளே இருந்தது. செய்தி வெளியே வந்தது அக்டோபரில். 2019 ஜனவரியில், எஸ்எம்எஸ்ஸிலும் மிஸ்டு காலிலும் பேலன்ஸ் சொல்லும் எஸ்பிஐ குவிக் சேவையின் சர்வர் ஒன்று கடவுச்சொல்லே இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்ததும் பத்திரிகையில் வந்ததுதான். அதில் இருந்தவை வாடிக்கையாளர்களுக்குப் போன குறுஞ்செய்திகள்: போன் நம்பர், பேலன்ஸ், அண்மையில் நடந்த பற்று வரவு. இங்கே எந்த எச்எஸ்எம் வந்து என்ன செய்தது?

#4 சாவிக்கொத்து

லிமிட் எங்கிருந்து போகிறது என்று சொல்கிறேன், உங்களுக்குப் பிடிக்காது. கிரெடிட் ரிப்போர்ட். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க் என்று நான்கு நிறுவனங்கள். எந்தக் கார்டு, என்ன லிமிட், எவ்வளவு பாக்கி, எந்த மாதம் தாமதம், எல்லாம் அதில் இருக்கும். "இலவசமாக ஸ்கோர் பாருங்கள்" என்று வரும் ஆப்பில் பான் எண்ணும் மொபைலும் கொடுத்து ஒரு டிக் போட்டால், அந்த ஆப் உங்கள் பெயரில் ரிப்போர்ட்டை எடுக்க நீங்களே அனுமதி கொடுத்தாயிற்று. அதை அவன் எத்தனை பேருக்கு விற்றான் என்பது வங்கியின் கையில் இல்லை.

பார்க்க வழி உண்டு. நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். அதன் கடைசிப் பகுதியில், யார் எந்தத் தேதியில் எதற்காக உங்கள் ரிப்போர்ட்டை எடுத்தார்கள் என்ற பட்டியல் இருக்கும். ஸ்கோரை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம். படிக்க வேண்டியது அந்தப் பட்டியலைத்தான். 2023 அக்டோபரில் ஆர்பிஐ போட்ட உத்தரவுப்படி, கடன் கொடுக்கும் நிறுவனம் ரிப்போர்ட்டை எடுத்தால் உங்களுக்கு எஸ்எம்எஸ்ஸோ மின்னஞ்சலோ வர வேண்டும். தவறு இருந்து புகார் கொடுத்து 30 நாளில் தீராவிட்டால், அதற்குமேல் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. கேட்கிறவர்கள்தான் குறைவு.

2016 பற்றி: பூட்டு உடையவில்லை, பூட்டைச் சுற்றியிருந்த கட்டடத்தில் ஓட்டை. காந்தப் பட்டைக் கார்டுகளை ஒழித்து 2018 டிசம்பர் 31-க்குள் சிப் கார்டு ஆக்க வேண்டும் என்று 2015-லேயே ஆர்பிஐ உத்தரவு போட்டிருந்தது. பட்டையில் இருப்பதைப் படித்து இன்னொரு பிளாஸ்டிக்கில் எழுதினால் அதுவும் கார்டு. சிப் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் புதுக் குறியீடு உண்டாக்கும். நகல் எடுத்தவனிடம் இருப்பது பழைய குறியீடு.

#5 வழக்குமேசை

சாவிக்கொத்து சார், "வங்கியின் கையில் இல்லை" என்ற வாக்கியத்தை அத்தனை சுலபமாக விட மாட்டேன். சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

தேசியமயமான அரசு வங்கிகளுக்கு 1970-ஆம் ஆண்டு தேசியமயச் சட்டத்தின் 13-ஆம் பிரிவே ரகசியம் காக்கும் கடமையை விதிக்கிறது. ஆர்பிஐயின் கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு) வழிகாட்டுதல் இன்னும் நேரடி: கணக்குத் தொடங்கும்போது வாங்கிய தகவலை வாடிக்கையாளரின் வெளிப்படையான அனுமதியில்லாமல் வேறு பொருள் விற்பதற்கோ வேறு எதற்கோ பயன்படுத்தக் கூடாது. ஆனால் படிவத்தின் ஆறாம் பக்கத்தில், எட்டுப் புள்ளி எழுத்தில், "வங்கியும் அதன் குழும நிறுவனங்களும் கூட்டாளிகளும் என்னைத் தொடர்புகொள்ள இசைகிறேன்" என்று இருக்கும். கட்டத்தில் டிக் முன்கூட்டியே அச்சாகியிருக்கும், அல்லது கவுண்டரில் இருப்பவர் போட்டுவிடுவார். இதுதான் அந்த "வெளிப்படையான அனுமதி".

வெளியாரிடம் வேலையைக் கொடுத்தால் பொறுப்பும் கை மாறுமா என்பதற்கும் பதில் இருக்கிறது. 2023 ஏப்ரலில் வந்த ஆர்பிஐயின் ஐடி அவுட்சோர்சிங் வழிகாட்டுதல், அதே ஆண்டு அக்டோபர் முதல் அமல்: வேலையை வெளியே கொடுக்கலாம், வாடிக்கையாளருக்கான கடமையைக் கொடுக்க முடியாது. ஆகவே "வெண்டர் செய்தது" என்பது வங்கிக்கும் வெண்டருக்கும் உள்ள வழக்கு. நமக்கு எதிரில் நிற்பது வங்கிதான்.

சல்லடை தொட்ட இடத்தை நான் இன்னும் அழுத்துகிறேன். மே மாதம் புகுந்தது, அக்டோபரில் தெரிந்தது. இணையத் தாக்குதல் நடந்தால் 2 முதல் 6 மணி நேரத்தில் ஆர்பிஐக்குச் சொல்ல வேண்டும். 2022 ஏப்ரல் உத்தரவுப்படி, இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசின் செர்ட்-இன் அமைப்புக்கு 6 மணி நேரம். வாடிக்கையாளருக்கு? 2023-ஆம் ஆண்டு தனிநபர் தரவுச் சட்டத்தில்தான் முதன்முறையாகப் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தெரிவிக்க வேண்டும் என்று வந்தது. பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி வரை, தெரிவிக்காவிட்டால் 200 கோடி வரை அபராதம். விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. இந்தக் கடமை உயிர்பெற அதிலிருந்து 18 மாதம். அதாவது 2027 மே வரை உங்கள் தகவல் கசிந்தால் அரசாங்கத்துக்கு ஆறு மணி நேரத்தில் தெரியும், உங்களுக்கு ஏமாற்றுக்காரன் போன் செய்யும்போது தெரியும்.

#6 கவுண்டர்3

கிளைப் பக்கத்துச் சங்கதி எழுதுகிறேன். இரண்டு கட்சிக்கும் கொஞ்சம் கசக்கும்.

கணினியில் இருப்பதைவிடக் காகிதத்தில் இருப்பதுதான் அதிகம் கசிகிறது. ஆதார் செராக்ஸ், பான் செராக்ஸ், ஒரு போட்டோ, கையெழுத்து. இந்த நான்கும் ஒரே கவரில் இருந்தால் அதை வைத்துக்கொண்டு வேறெங்கோ சிம் வாங்கலாம், கடன் விண்ணப்பம் போடலாம். கிளைக்கு வருகிறவர்கள் ஐந்து செட் எடுத்து வந்து, எஞ்சிய இரண்டை மேசையிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். மானியம் எதுவும் அந்தக் கணக்கில் வரவில்லை என்றால் முழு ஆதார் எண் தரத் தேவையில்லை. முதல் எட்டு இலக்கம் மறைத்த மாஸ்க்டு ஆதாரை ஆதார் ஆணையத் தளத்தில் இறக்கிக் கொடுங்கள். ஆதார் எண்ணைக் கறுப்படித்து வாங்க வேண்டும் என்பது கேஒய்சி வழிகாட்டுதலிலேயே உள்ளது. நகலின் குறுக்கே, எழுத்தின் மேலேயே படும்படி, "இன்ன வங்கி, இன்ன கிளை, கேஒய்சி புதுப்பிப்புக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஓரத்தில் எழுதினால் ஓரத்தை மறைத்துவிட்டு மறு நகல் எடுப்பார்கள்.

அடிக்கடி நடப்பது இன்னொன்று. "கேஒய்சி காலாவதியாகிவிட்டது, எல்லா நகலும் கொண்டு வாருங்கள்" என்பார்கள். கேஒய்சியைப் புதுப்பிக்க அதிக ரிஸ்க் கணக்குக்கு 2 ஆண்டு, நடுத்தரம் 8, குறைந்த ரிஸ்க் 10 என்று கணக்கு. விவரம் எதுவும் மாறவில்லை என்றால் "மாற்றம் இல்லை" என்று ஒரு சுய உறுதிமொழி போதும். பதிவு செய்த மொபைல், மின்னஞ்சல், நெட்பேங்கிங், ஏடிஎம், கடிதம் எதிலும் தரலாம். மறுபடி செராக்ஸ் குவிக்கத் தேவையே இல்லை. கவுண்டரில் இதைச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

இப்போது எங்கள் பக்கத்து அழுக்கு. மேக்கர்-செக்கர் என்று ஒரு முறை உண்டு: ஒருவர் பதிவிட, இன்னொருவர் தன் ஐடியில் சரிபார்த்து அனுமதிக்க வேண்டும். மொபைல் நம்பர் மாற்றம், செயலற்ற கணக்கை உயிர்ப்பிப்பது எல்லாம் இப்படித்தான் போக வேண்டும். மூன்று பேர் பார்க்க வேண்டிய வேலையை ஒன்றரைப் பேர் பார்க்கும் கிளையில், செக்கரின் கடவுச்சொல் மேக்கருக்குத் தெரிந்துவிடும். அந்த இடத்தில் முறை செத்தது. கைரேகை லாகின் வந்த பிறகு பல இடத்தில் இது குறைந்திருக்கிறது, ஆனால் விரல் வைத்துவிட்டுத் திரையைத் திறந்தபடி டீ குடிக்கப் போனால் கைரேகையும் பயனில்லை.

#7 சல்லடை

கவுண்டர்3 அண்ணே, நேர்மையாக எழுதியதற்கு நன்றி. ஆனால் என் கேள்விக்கு விடை உங்கள் பதிவிலேயே இருக்கிறது. யார் யாருடைய கணக்கைத் திறந்து பார்த்தார் என்று கணினி எழுதி வைக்கிறதா இல்லையா? வைக்கிறது என்றால் சொந்தக் கணக்கை யார் பார்த்தார் என்று எனக்கு ஏன் காட்டக் கூடாது? கிரெடிட் ரிப்போர்ட்டில் காட்ட முடிகிறதே.

#8 சாவிக்கொத்து

லாக் இருக்கிறது. எந்த ஐடி, எந்தக் கணினி, எந்த நொடி, எந்தக் கணக்கு எல்லாம் பதிவாகும். செர்ட்-இன் உத்தரவே 180 நாள் லாக் வைத்திருக்கச் சொல்கிறது. காட்டாததற்குக் காரணம் ரகசியம் மட்டுமில்லை. ஒரு சாதாரண சேமிப்புக் கணக்கை ஆளே தொடாமல் ஒரு நாளில் பல நிரல்கள் தொடும்: வட்டிக் கணக்கு, எஸ்எம்எஸ், மோசடிக் கண்காணிப்பு. கிளையில் பாஸ்புக் அச்சடித்தாலும் ஒரு வரி. அதைக் கொட்டிக் கொடுத்தால் உங்களுக்கு ஒன்றும் புரியாது, சந்தேகம் மட்டும் மிஞ்சும்.

உள்ளே நாங்கள் பார்ப்பது வழக்கத்துக்கு மாறானதை. தன் கிளைக்குச் சம்பந்தமில்லாத கணக்குகளை ஒருவர் வரிசையாகத் திறந்தால் எச்சரிக்கை வரும். முதியவர்களின் பெரிய வைப்புத்தொகை, நீண்ட நாள் செயலற்ற கணக்கு, இரண்டையும் தேடித் திறந்தால் உடனே வரும்.

#9 வழக்குமேசை

ஆள் தொட்டதை மட்டும் பிரித்துக் காட்டலாமே, அது ஒரு வடிகட்டி. விடுங்கள், காட்ட மாட்டார்கள். ஆனால் சந்தேகம் வந்தவர்கள் எழுத்தில் இதைச் செய்யலாம்: "இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை என் கணக்கு விவரத்தைப் பார்த்த பயனர் பதிவுகளைப் பாதுகாத்து வைக்கவும், விசாரணையில் அவை தேவைப்படும்" என்று கிளைக்கும் தலைமையகத்தில் புகார் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கும் மின்னஞ்சல். கொடுக்க மறுக்கலாம். ஆனால் பிறகு ஆர்பிஐ குறைதீர்ப்பாளர் முன் "லாக் அழிந்துவிட்டது" என்று சொல்ல முடியாமல் போகும். 180 நாள் தாண்டுவதற்குள் அனுப்ப வேண்டும்.

#10 ரேகைக்காரன்

எல்லோரும் கார்டிலேயே நிற்கிறீர்கள். ஆதார் வழிப் பணப்பட்டுவாடா, அதாவது ஏஇபிஎஸ், யார் கண்ணிலும் படவில்லையா?

பின் கிடையாது, ஓடிபி கிடையாது, கார்டு கிடையாது. ஆதார் எண், வங்கியின் பெயர், ஒரு விரல். மூன்றும் இருந்தால், ஊரில் வங்கியின் முகவராக இருக்கும் வங்கி மித்ரா வைத்திருக்கும் சின்னக் கருவியில் பணம் எடுக்கலாம். பத்திரப் பதிவில் ஆதார் எண்ணும் பெருவிரல் ரேகையும் ஒரே ஆவணத்தில் இருந்தன. அந்த ஆவணம் இணையத்தில் பார்க்கக் கிடைத்த மாநிலங்களில், ரேகையைப் பிரதியெடுத்துச் சிலிகான் விரல் செய்து பணம் எடுத்தார்கள். 2023-ல் ஆதார் ஆணையம் ரேகை உயிருள்ள விரலுடையதா என்று பார்க்கும் சோதனையைச் சேர்த்தது. முன்பைவிடப் பரவாயில்லை.

என் சண்டை வேறு. கார்டு விஷயத்தில் 2020 ஜனவரியில் ஆர்பிஐ ஒரு நல்ல உத்தரவு போட்டது: புதுக் கார்டு வந்தால் இந்தியாவுக்குள் ஏடிஎம், கடை மெஷின் மட்டும் திறந்திருக்கும்; ஆன்லைன், வெளிநாடு, தட்டிச் செலுத்துவது எல்லாம் வாடிக்கையாளர் திறந்தால்தான் திறக்கும். ஏஇபிஎஸ்ஸில் நேர் எதிர். கணக்கோடு ஆதாரை இணைத்த நிமிடமே கதவு திறந்தாயிற்று, யாரையும் கேட்கவில்லை. நீங்களாகப் போய் எம்ஆதார் ஆப்பில் பயோமெட்ரிக்கைப் பூட்ட வேண்டும். தேவைப்படும்போது தற்காலிகமாகத் திறக்கலாம், சில நிமிடத்தில் தானே பூட்டிக்கொள்ளும். இதைச் சொல்லி எந்த வங்கி வாரம் ஒரு எஸ்எம்எஸ் அனுப்புகிறது?

#11 கவுண்டர்3

பூட்டச் சொல்லும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள். முதியோர் ஓய்வூதியத்தையும் நூறு நாள் வேலைச் சம்பளத்தையும் ஊருக்குள்ளேயே மித்ராவிடம் எடுப்பவர்கள் பூட்டிவிட்டால் அன்றைக்குப் பணம் வராது. ரேஷன் கடை மெஷினிலும் ரேகை ஏறாது. ஸ்மார்ட்போன் இல்லாதவர் எம்ஆதாரைத் திறந்து மூட யாரைத் தேடுவார்? கதவு திறந்தே வைத்திருப்பதற்கு இதுதான் காரணம், அலட்சியம் மட்டுமில்லை.

#12 ரேகைக்காரன்

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நகரத்தில் ஏஇபிஎஸ்ஸை ஒருமுறைகூடப் பயன்படுத்தாத சம்பளக் கணக்குக்காரருக்கும் அதே கதவு ஏன் திறந்திருக்கிறது? பயன்படுத்துகிறவருக்குத் திற, மற்றவருக்கு மூடு. கார்டில் செய்யத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாதா?

#13 சாவிக்கொத்து

இதில் உங்களோடு வாதாட எனக்கு ஒன்றுமில்லை. மூடியே வைத்திருக்கலாம்.

ஆனால் மொத்தத்தையும் வங்கி தலையில் கட்டும் போக்கை ஏற்க மாட்டேன். இன்று பணம் போகும் வழிகளைப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் "போக்குவரத்து அபராத ரசீது" என்று ஒரு ஏபிகே, அதாவது ஆண்ட்ராய்டு ஆப்பை நிறுவும் கோப்பு வருகிறது. நிறுவுகிறார்கள். அது எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கிறது, கொடுக்கிறார்கள். அப்புறம் ஓடிபி யாரும் கேட்காமலே அவனுக்குப் போகிறது. அல்லது திரைப்பகிர்வு ஆப். வங்கியின் எந்தப் பூட்டும் உடைபடவில்லை; சாவியை வாடிக்கையாளரே கொடுத்தார்.

#14 வழக்குமேசை

அங்கேதான் வங்கிகள் எல்லாம் ஒரே பல்லவி பாடுகின்றன. ஆர்பிஐயின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையைப் பிரித்துப் படிப்போம்.

வங்கியின் குறை என்றால் நீங்கள் எப்போது சொன்னாலும் உங்கள் பொறுப்பு பூஜ்யம். வங்கியிலும் குறையில்லை, உங்களிடமும் குறையில்லை, இடையில் எங்கோ ஓட்டை என்றால்: 3 வேலை நாளுக்குள் சொன்னால் பூஜ்யம். 4 முதல் 7 நாள் என்றால் அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 5,000. மற்ற சேமிப்புக் கணக்குக்கும் 5 லட்சம் வரை லிமிட் உள்ள கிரெடிட் கார்டுக்கும் 10,000. அதற்குமேல் லிமிட் உள்ள கார்டுக்கு 25,000. ஏழு நாள் தாண்டினால் வங்கியின் வாரியம் வகுத்த கொள்கைப்படி. நாள் எண்ணும்போது எஸ்எம்எஸ் வந்த நாளைச் சேர்க்கக் கூடாது. உங்கள் கிளையின் வேலை நாள்தான் கணக்கு.

ஓடிபி சொன்னதுபோல் உங்கள் கவனக்குறைவே காரணம் என்றாலும், புகார் கொடுத்த நிமிடம்வரை போனதுதான் உங்கள் நஷ்டம். அதற்குப் பின் போவது வங்கியின் நஷ்டம். அதனால் புகாரின் நேரம் முக்கியம்.

இன்னொன்று. வாடிக்கையாளரின் கவனக்குறைவுதான் காரணம் என்று நிரூபிக்க வேண்டியது வங்கி. "ஓடிபி சரியாகப் போடப்பட்டது, எனவே நீங்கள்தான் கொடுத்தீர்கள்" என்பது நிரூபணம் ஆகாது. அசாமைச் சேர்ந்த வாடிக்கையாளர் ஒருவரின் 94,204 ரூபாய் வழக்கில், துணிக்கடைத் தளத்திலிருந்து கசிந்த விவரத்தை வைத்துப் போன் வந்தது, அவர் ஆப் ஒன்றையும் இறக்கினார். 24 மணி நேரத்துக்குள் புகார் கொடுத்தார். எஸ்பிஐ பணத்தைத் தர வேண்டும் என்ற குவாஹாட்டி உயர் நீதிமன்றத் தீர்ப்பில் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கை வைக்கவில்லை. நீங்கள் #13-ல் எழுதிய அதே கதைதான் சார்.

#15 சாவிக்கொத்து

அந்தத் தீர்ப்பு அவர் ஓடிபியைப் பகிர்ந்தார் என்று வங்கி நிறுவாததால் வந்தது. ஆப் இறக்கிய எல்லாருக்கும் பணம் கிடைக்கும் என்று இங்கே படிக்கிறவர்கள் நம்பிவிட வேண்டாம்.

எஸ்எம்எஸ் ஓடிபி பலவீனம் என்பதில் சண்டை இல்லை. சிம் மாற்றிய 7 நாளுக்கு வேறு நிறுவனத்துக்கு எண்ணை மாற்ற முடியாது என்று 2024 ஜூலை முதல் தொலைத்தொடர்பு ஆணையமான டிராய் நிறுத்தியிருக்கிறது. நீங்கள் கைவிட்ட பழைய எண் 90 நாள் கழித்து வேறொருவருக்குப் போகலாம். வங்கியில் அந்த எண்ணை மாற்றாவிட்டால் உங்கள் பற்று வரவு எல்லாம் அவருக்குப் போய்ச்சேரும். இது வங்கியின் கசிவு இல்லை. கைவிட்ட எண்களின் பட்டியலைப் பார்த்துக் களையெடுக்க 2025 ஜனவரியில் வங்கிகளுக்கு உத்தரவு வந்திருக்கிறது. அதே உத்தரவில்தான் வங்கியின் சேவை அழைப்பு 1600 வரிசை எண்ணிலிருந்தும் விளம்பர அழைப்பு 140 வரிசையிலிருந்தும் மட்டுமே வர வேண்டும் என்றார்கள். பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து "வங்கியிலிருந்து பேசுகிறோம்" என்றால் வைத்துவிடலாம். இணைய முகவரி 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடிகிறதா என்றும் பாருங்கள். 2025 அக்டோபர் 31-க்குள் வங்கிகள் அதற்கு மாற வேண்டும் என்று காலக்கெடு.

#16 சல்லடை

வங்கியின் பூட்டுத் திறமைக்கு ஒரு சாம்பிள். மாதாமாதம் ஸ்டேட்மென்ட் பிடிஎஃப் மின்னஞ்சலில் வருகிறது, கடவுச்சொல்லோடு. அந்தக் கடவுச்சொல் என்ன என்று அதே மின்னஞ்சலிலேயே எழுதியிருக்கிறது: பெயரின் முதல் நான்கு எழுத்து, பிறந்த நாள், மாதம். பெயர் மின்னஞ்சலின் முதல் வரியில் "அன்புள்ள" என்பதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மிச்சம் 366 வாய்ப்பு. ஒரு பள்ளிப் பையன் எழுதும் நிரல் கண் மூடித் திறப்பதற்குள் முடித்துவிடும்.

#17 சாவிக்கொத்து

அது தாக்குபவனுக்கான பூட்டு இல்லை, முகவரி மாறிப் போனால் அடுத்தவர் சும்மா திறந்து பார்க்காமலிருக்க. ஆனால் பெயர் வைத்துக் கடவுச்சொல் போடுவது அசட்டுத்தனம்தான், அதை மறுக்கவில்லை.

அதைவிடப் பெரிய ஆபத்து, அதே பிடிஎஃப்பைக் கடவுச்சொல்லோடு கடன் ஏஜென்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது. ஆறு மாத வரவு செலவு அவர் போனில் ஆயுள் முழுக்கக் கிடக்கும். கடன் நிறுவனம் கேட்டால், அனுமதி பெற்றுத் தகவலைக் கடத்தும் இடைநிலை நிறுவனமான அக்கவுன்ட் அக்ரிகேட்டர் வழியாகத் தருகிறேன் என்று சொல்லுங்கள். 2021 செப்டம்பரிலிருந்து நடக்கிறது. எந்தக் கணக்கு, எந்தக் காலம், எதற்காக, எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று நீங்கள் குறித்துக் கொடுக்கும் அனுமதியின் பேரில் தகவல் பூட்டிய நிலையில் போகும். நடுவிலிருக்கும் அக்ரிகேட்டரால் அதைப் படிக்க முடியாது. அனுமதியை ரத்தும் செய்யலாம்.

#18 வழக்குமேசை

ரத்து செய்தால் இனிமேல் போவது நிற்கும். ஏற்கெனவே போனதை அவன் அழித்தானா என்று யார் போய்ப் பார்ப்பது? அனுமதித் திரையில் "5 ஆண்டு" என்று அவர்களே நிரப்பி வைத்திருப்பதை மாற்ற முடியாமல் "ஒப்புதல்" பொத்தானை மட்டும் கொடுத்தால், அது அந்த ஆறாம் பக்கத்து எட்டுப் புள்ளி எழுத்தின் புது வடிவம். கடனுக்குத் தேவையான கால அளவுக்குமேல் கேட்டால் நிராகரித்துவிட்டு வேறு நிறுவனம் பாருங்கள்.

#19 புதுவரவு_7

எல்லாம் படித்தேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். நாம் செய்யாத பரிவர்த்தனைக்கு எஸ்எம்எஸ் வந்துவிட்டது. முதல் அரை மணி நேரத்தில் எதை எந்த வரிசையில் செய்வது? புகாரில் என்ன எழுதுவது?

#20 கவுண்டர்3

முதலில் வங்கி ஆப்பிலேயே கார்டை, யுபிஐயை, நெட்பேங்கிங்கை முடக்குங்கள். ஏபிகே எதையாவது நிறுவிய போன் என்றால் அந்தப் போனில் செய்ய வேண்டாம், டேட்டாவை அணைத்துவிட்டு வேறு போனில் வங்கியின் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள், போலி எண் முதலில் வரும். கார்டின் பின்பக்கம் இருக்கிறது. புகார் எண், நேரம் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. பணம் இன்னும் எந்தக் கணக்கிலாவது நின்றால் பிடித்து வைக்க முடியும். அடுத்த வங்கிக்குத் தாவி, அங்கிருந்து ஏடிஎம்மில் எடுத்துவிட்டால் திரும்பக் கிடைப்பது கடினம்.

#21 வழக்குமேசை

கடிதத்தில் கதை வேண்டாம். கணக்கு எண்ணின் கடைசி நான்கு, பரிவர்த்தனையின் குறிப்பு எண், தொகை, நேரம், எஸ்எம்எஸ் வந்த நேரம், புகார் கொடுத்த நேரம், புகார் எண். பிறகு இரண்டு வரி: "இது நான் அனுமதிக்காத பரிவர்த்தனை. வாடிக்கையாளர் பொறுப்பு பற்றிய ஆர்பிஐ விதிப்படி 10 வேலை நாளுக்குள் நிழல் வரவு வைக்கவும், 90 நாளுக்குள் முடிவு தெரிவிக்கவும்." நிழல் வரவு என்றால் தொகை கணக்கில் தெரியும், முடிவு வரும்வரை எடுக்க முடியாது.

கிளையில் "நீங்கள் ஓடிபி சொன்னீர்களா இல்லையா, இங்கே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்" என்று ஒரு தாளை நீட்டுவார்கள். பதற்றத்தில் "தெரியாமல் சொல்லியிருக்கலாம்" என்று எழுதினால் உங்கள் வழக்கை நீங்களே முடித்துவிட்டீர்கள். நடந்தது உறுதியாகத் தெரிந்தால் அதை எழுதுங்கள், தெரியாததை ஊகித்து எழுதாதீர்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால் ஆர்பிஐ குறைதீர்ப்பாளருக்கு இணையத்திலேயே அனுப்பலாம், கட்டணமில்லை.

#22 சாவிக்கொத்து

மேடம், அந்தத் தாளை நீட்டுவது உண்மை தெரியத்தான். எல்லாரும் "சொல்லவில்லை" என்றே எழுதினால் விசாரிப்பது எப்படி?

#23 வழக்குமேசை

உங்கள் லாக்கை வைத்து. #8-ல் நொடி வரைக்கும் இருக்கிறது என்றீர்களே. எந்தக் கருவியிலிருந்து, எந்த ஐபி முகவரியிலிருந்து, வழக்கமான ஊரா, புதுப் பயனாளியைச் சேர்த்த எத்தனையாவது நிமிடத்தில் பணம் போனது, எல்லாம் உங்களிடம்தான் இருக்கிறது, வாடிக்கையாளரிடம் இல்லை. 2025 செப்டம்பரில் வந்த ஆர்பிஐயின் அங்கீகார வழிகாட்டுதல் 2026 ஏப்ரல் 1 முதல் அமல். இரண்டு அடுக்குச் சோதனை, அதில் ஒன்றாவது அந்தப் பரிவர்த்தனைக்கே உரிய, மாறும் குறியீடு. அந்த விதியை மீறி நடந்த பரிவர்த்தனையில் நஷ்டம் என்றால் வங்கி முணுமுணுக்காமல் முழுத்தொகையையும் தர வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. விதியைக் கடைப்பிடித்ததற்கு ஆதாரம் காட்டப் போவதும் அதே லாக்தான்.

#24 சல்லடை

அப்படியானால் #7-ல் கேட்டதை மறுபடி கேட்கிறேன். வங்கி தன் வழக்குக்கு எடுத்துக் காட்டும் லாக்கை, ஆள் தொட்ட வரிகளை மட்டும் பிரித்து, ஆண்டுக்கு ஒருமுறை எனக்குக் காட்ட என்ன தடை? சிபில் நிறுவனத்தால் முடிகிறது.

#25 சாவிக்கொத்து

தொழில்நுட்பத் தடை இல்லை. ஊழியர் பெயரை மறைத்து, கிளையும் தேதியும் மட்டும் காட்டலாம். ஆனால் ஆர்பிஐ கட்டாயம் என்று சொல்லாமல் எந்த வங்கியும் தானாகச் செய்யாது. செய்தால் அடுத்த நாளே "இந்தக் கிளை ஏன் என் கணக்கைத் திறந்தது" என்று ஆயிரம் கடிதம் வரும், பதில் எழுத கவுண்டர்3 மாதிரி ஒன்றரைப் பேர்தான் இருக்கிறார்கள்.

#26 கவுண்டர்3

அந்தக் கடிதம் வரும் என்று தெரிந்தால் திரையைத் திறந்தபடி டீ குடிக்க யாரும் போக மாட்டார்கள் சார்.